ஓடைக் கல்லுக்கு அடியில்: கேடிஸ் பூச்சிகளைக் கண்டறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நன்னீர் உயிரினங்களைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கேடிஸ் பூச்சியைத்தான். அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் அது வாழ்கிறது. இதுவரை 16,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன, அவற்றுள் பெரும்பாலானவற்றின் லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் வளரும் இளம் புழுக்களை, வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த லார்வா தன் வாழ்க்கை முறையைத் தான் கட்டும் கூட்டிலும் வலையிலும் வெளிப்படையாகப் பதித்து வைக்கிறது. எதைக் கொண்டு கட்டியிருக்கிறது, எந்த இடத்தில் கட்டியிருக்கிறது, நீரோட்டத்தின் எந்தத் திசையை நோக்கிக் கட்டியிருக்கிறது என்ற மூன்றையும் பொறுமையாகக் கவனித்தால், அது எதை உண்கிறது, அங்கே நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அந்த ஓடைக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பவற்றைப் பெருமளவு ஊகித்துவிடலாம். அந்தக் கவனிப்பைப் படிப்படியாகக் கற்பதற்கே இக்கட்டுரை.

முதலில் வாழ்க்கைச் சுழற்சி

கேடிஸ் பூச்சிகள் ட்ரைக்காப்டெரா என்னும் வரிசையைச் சேர்ந்தவை. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் இவற்றின் மிக நெருங்கிய உறவினர்கள். அந்துப்பூச்சியின் சிறகில் செதில்கள் இருக்கும் இடத்தில் கேடிஸ் பூச்சியின் சிறகில் மெல்லிய மயிர்கள் இருக்கும். இரண்டு வரிசைகளிலும் லார்வா தன் வாயருகே திறக்கும் சுரப்பிகளிலிருந்து பட்டிழை நூற்கிறது. நிலத்தில் பட்டுப்புழு செய்வதை நீருக்கடியில் செய்யக் கற்றுக்கொண்டதுதான் கேடிஸ் பூச்சியின் வெற்றிக்கு அடிப்படை என்பது என் கருத்து.

முட்டை, லார்வா, கூட்டுப்புழு, முதிர் பூச்சி என்ற நான்கு நிலைகளும் கொண்ட முழு உருமாற்றம் இதற்கு உண்டு. முட்டைகள் பசை போன்ற கூழில் பொதிந்து இடப்படுகின்றன. சில சிற்றினங்களில் பெண் பூச்சி நீருக்குள் இறங்கிக் கல்லின் மேல் முட்டைகளை ஒட்டுகிறது. வேறு சிலவற்றில் நீர்மேல் தாழ்ந்து தொங்கும் இலைகளில் இடுகிறது, பொரித்த லார்வாக்கள் அங்கிருந்து நீரில் விழுகின்றன. லார்வா வழக்கமாக ஐந்து வளர்நிலைகளை (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பருவங்களை) கடக்கிறது. குளிர்ந்த ஓடைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு தலைமுறையை முடிக்கின்றன, வெப்பமான நீரில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் வருவதுண்டு.

வளர்ச்சி முடிந்த லார்வா தன் கூட்டைக் கல்லிலோ மரத்துண்டிலோ உறுதியாகக் கட்டி, நீர் புகுந்து வெளியேற வழிவிட்டு இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. பருவம் வந்ததும் கூட்டுப்புழு தன் வலுவான தாடைகளால் அந்த அடைப்பை வெட்டித் திறந்து, நீந்தியோ ஊர்ந்தோ மேலே வந்து, நீர்ப்பரப்பிலோ கரைக்கல்லிலோ தோலை உரித்துச் சிறகுள்ள பூச்சியாகிறது. அந்தப் பூச்சியால் மென்று தின்ன முடியாது, தேனையும் நீரையும் உறிஞ்சிச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வாழ்கிறது. ஆகவே கேடிஸ் பூச்சி தன் வாழ்நாளில் உண்பது ஏறக்குறைய அனைத்தையும் நீருக்குள் லார்வாவாக இருக்கும்போதே உண்டுவிடுகிறது. சூழலில் அதன் பங்கைப் புரிந்துகொள்ள விரும்புபவர் லார்வாவையே முதலில் தேட வேண்டும்.

படி 1: கருவிகளும் பாதுகாப்பும்

அதிகம் தேவையில்லை. அடிப்பக்கம் வெள்ளையாக உள்ள ஆழமற்ற ஒரு தட்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், மெல்லிய தூரிகை, மென்மையான இடுக்கி, துளித்துளியாக நீரை எடுத்துவிட உதவும் ஒரு பிப்பெட் குழாய், குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். இவற்றோடு அடிப்பக்கம் தட்டையாகவும் ஒளி ஊடுருவும்படியும் உள்ள ஒரு கிண்ணத்தைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், அதன் பயன் மூன்றாம் படியில் விளங்கும். கண்ணியளவு 0.5 மி.மீ. உள்ள கைவலை இருந்தால் சிறிய லார்வாக்களும் தப்பாது.

முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள நீரிலும் மழைக்குப் பின் கலங்கிப் பெருகும் நீரிலும் இறங்காதீர்கள். தனியாகச் செல்லாதீர்கள். கையில் ஆறாத காயம் இருந்தால் அதை நீர் படாமல் மூடிக்கொள்ளுங்கள். ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குப் போகும் முன் காலணிகளையும் வலையையும் கழுவி முழுவதுமாக உலர்த்துவது மிக முக்கியம், ஏனெனில் ஈரம் காயாத வலையே அயல் உயிரினங்களையும் நோய்க்கிருமிகளையும் புதிய நீர்நிலைக்குக் கொண்டுசேர்க்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும்.

படி 2: எங்கே தேடுவது

புதியவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில் பத்துக் கற்களைப் புரட்டிவிட்டு ஓடையைப் பார்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். கேடிஸ் பூச்சிகளோ ஒரே ஓடைக்குள் இடத்துக்கு இடம் மாறுபவை. நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற கற்பகுதியில் வலை பின்னுபவை மிகுந்திருக்கும். மரக்கிளைகளிலும் கற்களிலும் சிக்கித் தேங்கிய இலைக் குவியல்களில் இலைத்துண்டுகளாலும் குச்சிகளாலும் கூடு கட்டுபவை இருக்கும். நீர் மெதுவாகத் திரும்பும் மடுவின் ஓரத்து மணலில், அசையும் வரை கண்ணுக்கே புலப்படாத மணற்குழல்கள் கிடக்கும். நீர்த்தாவரங்களின் தண்டுகளையும் கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் வேர்களையும் பாருங்கள். ஏரிகளிலும் குளங்களிலும் ஓரத்துச் செடிகளே சிறந்த இடம். இந்த ஒவ்வோர் இடத்திலும் சற்று நேரம் செலவிட்டு, எந்த இடத்தில் எது கிடைத்தது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கல்லைத் தூக்கும் முன் நீருக்குள் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீரோட்டத்தில் உணவைப் பிடிக்க விரிக்கப்பட்டிருக்கும் பட்டிழை வலை, கல்லை நீருக்கு மேலே தூக்கிய கணத்திலேயே சுருங்கி, சேறு படிந்த வழவழப்பான ஒரு கட்டியாகிவிடும். அதைப் பார்ப்பவர் அழுக்கு என்றே நினைத்துத் துடைத்துவிடுவார். ஆகவே முதலில் அந்த ஒளி ஊடுருவும் கிண்ணத்தின் அடிப்பக்கத்தை நீர்ப்பரப்பில் மெதுவாக அழுத்தி, அதன் வழியே உள்ளே பாருங்கள். நீரின் நெளிவு மறைந்து அடிமட்டம் தெளிவாகத் தெரியும். கற்களுக்கு இடையில், நீர் வரும் திசையை நோக்கி, சிறுவிரல் நகத்தளவு வலைகள் விரிந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு வலைக்கும் பக்கத்தில் மணலும் மட்கும் ஒட்டிய ஒரு சிறிய பதுங்கிடம் இருக்கும். அதற்குள் இருக்கும் லார்வா அவ்வப்போது தலையை நீட்டி வலையில் சிக்கியவற்றைப் பொறுக்கித் தின்னும். பக்கத்திலுள்ள மற்றொரு லார்வா அந்த இடத்தைப் பறிக்க வந்தால், ஹைட்ரோசைக்கிடே குடும்பத்து லார்வா தன் முன்காலைத் தலையின் அடிப்பக்கத்தில் உள்ள வரிகளின் மேல் உரசி ஒலி எழுப்பி எச்சரிக்கிறது. நம் காதுக்கு எட்டாவிட்டாலும், இத்தனை சிறிய உயிரி தன் வீட்டுக்காக இவ்வளவு மும்முரமாகப் போராடுவது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

பிறகு கைவலையைக் கல்லுக்குக் கீழ்நீரோட்டப் பக்கம் பிடித்துக்கொண்டு, கல்லை மெதுவாகத் தூக்கி, சிறிது நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின் மேல் பிடியுங்கள். ஒட்டியிருப்பவற்றைத் தூரிகையால் தட்டில் இறக்குங்கள். இடுக்கியால் இழுக்காதீர்கள், வயிற்றுப் பகுதி மென்மையானது, எளிதில் கிழிந்துவிடும். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, மேற்பக்கம் மேலாக இருக்கும்படி திரும்ப வையுங்கள். தலைகீழாக விடப்பட்ட கல்லில் மேலே வளர்ந்த பாசி இருளில் அழியும், அடியில் மறைந்து வாழ்ந்தவை வெளியே தெரிந்து இரையாகும்.

தட்டில் இறங்கிய குழற்கூடு சில நிமிடங்கள் வெறும் குச்சி போலவே கிடக்கும். காத்திருங்கள். முதலில் தலையும் முன்கால்களும் வெளிவரும், பிறகு மார்புப் பகுதி முழுவதும் நீண்டு, கூட்டை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். இப்போது கொஞ்சம் கலங்கிய நீரைப் பிப்பெட்டில் எடுத்து, கூட்டின் முன்வாயருகே ஒரு துளி விடுங்கள். அந்தக் கலங்கல் உள்ளே இழுக்கப்பட்டு, பின்முனையில் உள்ள சிறிய துளை வழியே வெளியேறுவதைக் காணலாம். லார்வா தன் உடலை உள்ளுக்குள் அலையலையாக அசைத்து நீரை ஓட்டிச் சுவாசிப்பதால் இது நிகழ்கிறது. பலவற்றில் வயிற்றின் முதல் கண்டத்தில் (உடல் வளையத்தில்) உள்ள சதைமுண்டுகள் உடலைக் குழலின் நடுவில் தாங்கிப் பிடித்து, சுற்றிலும் நீர் ஓட இடம் விடுகின்றன. கூடு என்பது பகைவரிடமிருந்து காக்கும் கவசம் மட்டுமன்று, மூச்சுக்கு உதவும் கருவியும் ஆகும் என்பதை இந்த ஒரு துளிச் சோதனையே காட்டிவிடும்.

படி 4: கேடிஸ் பூச்சிதானா என்பதை உறுதிசெய்தல்

கைலென்ஸ் வழியே பார்க்கும்போது இவற்றைச் சரிபாருங்கள். தலை கடினமான உறையால் மூடப்பட்டிருக்கும், கண்கள் சிறு புள்ளிகளாகவே இருக்கும், உணர்கொம்புகள் பெரும்பாலும் தெரியாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். மார்புப் பகுதியில் மூன்று இணை மூட்டுள்ள கால்கள் இருக்கும். மார்பின் முதல் கண்டத்தின் முதுகுப்புறம் எப்போதும் கடினமான தகட்டால் மூடப்பட்டிருக்கும், மற்ற இரண்டு கண்டங்களும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடும். வயிற்றின் கடைசியில் ஓர் இணைச் சிறிய போலிக்கால்களும் (மூட்டில்லாத சதைக்கால்களும்) ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கியும் இருக்கும். கூட்டில் வாழ்பவை அந்தக் கொக்கிகளால்தான் கூட்டின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன.

குழப்பம் தரக்கூடிய வேறு நீர்ப்பூச்சிகள் சில உள்ளன. மேஃப்ளை இளவுயிரிக்குப் பெரும்பாலும் மூன்று வால்களும் வயிற்றின் பக்கங்களில் செவுள்களும் உண்டு. ஸ்டோன்ஃப்ளை இளவுயிரிக்கு இரண்டு வால்களும் ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகங்களும் உண்டு. கொசுவைப் போன்ற கைரோனோமிட் பூச்சிகளின் லார்வாக்களும் சேற்றுக் குழல்களில் வாழும், ஆனால் அவற்றுக்கு மூட்டுள்ள கால்களே இல்லை. மிகவும் ஏமாற்றக்கூடியது நீரில் வாழும் அந்துப்பூச்சியின் புழுதான். அதுவும் இலைத்துண்டுகளைப் பட்டிழையால் இணைத்து உறை செய்துகொள்ளும். வயிற்றின் நடுக் கண்டங்களிலும் குட்டையான போலிக்கால்கள் இருந்தால் அது அந்துப்பூச்சியினுடையது, கடைசிக் கண்டத்தில் மட்டும் இருந்தால் கேடிஸ் பூச்சியினுடையது.

படி 5: கட்டுமானத்தை வாசித்தல்

கூடே கட்டாமல் திரியும் லார்வாக்களிலிருந்து தொடங்கலாம். ரயகோஃபிலிடே குடும்பத்தின் லார்வா, பெரும்பாலும் பச்சை நிறத்தில், குளிர்ந்த வேகமான நீரில் கற்களுக்கிடையே ஊர்ந்து மற்றப் பூச்சிகளை வேட்டையாடும். கூட்டுப்புழுவாகும் நேரத்தில்தான் சிறு கற்களால் ஓர் அறை கட்டும்.

அடுத்தவை ஓரிடத்தில் நிலையாக வலையோ பட்டிழைச் சுரங்கமோ அமைப்பவை. இவற்றில் ஹைட்ரோசைக்கிடே குடும்பமே உங்களுக்கு அதிகம் கிடைக்கும். மார்பின் மூன்று கண்டங்களிலும் தகடுகள், வளைந்த உடல், வயிற்றின் அடிப்பக்கத்தில் கிளைத்த செவுள்கள், வால்நுனியில் மயிர்க்கற்றை ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம். ஃபிலோபொட்டாமிடே குடும்பத்தின் லார்வா ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத் தலையும் வெள்ளையான மென்மையான மேலுதடும் கொண்டது. கல்லின் அடியில் அது நெய்யும் நீண்ட பை போன்ற வலையின் கண்கள் மிகமிக நுண்ணியவை, சில சிற்றினங்களில் அவற்றின் அகலம் ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குறைவு. அவ்வலையில் சிக்கும் பாக்டீரியாக்களையும் நுண்துகள்களையும் அந்த மேலுதட்டால் வழித்து உண்கிறது. ஒரே கற்பகுதியில் பெரிய கண் வலையும் நுண்கண் வலையும் அருகருகே இருப்பது இதனால்தான் இயல்கிறது, ஒன்று விட்டுவிடுவதை மற்றது பிடிக்கிறது.

குளோசொசொமாட்டிடே குடும்பம் சிறு கற்களால் ஆமையோடு போன்ற மேற்கூரையுள்ள கூட்டைக் கட்டி, அதன் அடியில் மறைந்தபடியே கல்லின் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வளர வளரப் பழைய கூட்டைக் கைவிட்டுப் புதிதாகக் கட்டும் வழக்கம் அதற்கு உண்டு. ஹைட்ரோப்டிலிடே குடும்பத்தைப் பார்க்கக் கைலென்ஸ் கட்டாயம் வேண்டும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவை முதல் நான்கு வளர்நிலைகளில் கூடின்றித் திரிந்து, ஐந்தாவது நிலையில் மட்டும் தட்டையான சிறு பை போன்ற கூட்டைச் செய்துகொள்கின்றன.

இனி, எடுத்துச் செல்லும் குழற்கூடுகள். இங்கேதான் கட்டடக்கலையின் முழு வளமும் தெரியும். லெப்டோசெரிடே லார்வாவின் உணர்கொம்புகள் மற்றவற்றைவிட நீளமானவை, பின்கால்களும் நீளமானவை. சில, இலைத்துண்டுகளைச் சுருளாக அடுக்கிய கூட்டைச் சுமந்தபடியே அக்கால்களால் நீந்தும். பிராக்கிசென்ட்ரிடே குடும்பத்தில் சில நான்கு பக்கங்கள் கொண்ட சதுரக் குழலைக் கட்டி, அதைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, மயிர்கள் நிறைந்த கால்களை நீரோட்டத்தில் விரித்து உணவு பிடிக்கும். கோயரிடே குடும்பத்தின் மணற்கூட்டின் இரு பக்கங்களிலும் பெரிய கற்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஹெலிகோசைக்கிடே குடும்பம் மணலால் நத்தையோட்டைப் போலவே சுருண்ட கூட்டைக் கட்டும். அந்த ஒற்றுமை எவ்வளவு துல்லியமானது என்றால், 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் அதை ஒரு நத்தையாகவே கருதிப் பெயரிட்டு விவரித்தார். லிம்னெஃபிலிடே குடும்பம் இலை, குச்சி, மணல், நத்தையோடு என எதையும் விடாது.

இத்தனையையும் ஒட்டும் பட்டிழை நீருக்கடியில் ஈரமான பரப்பில் பற்றிக்கொள்வது ஒரு வேதியியல் சாதனை. அந்த இழையின் புரதத்தில் பாஸ்பேட் தொகுதிகள் பெருமளவில் உள்ளன. அவற்றைக் கால்சியம் அயனிகள் இணைப்பதால் இழைக்கு உறுதி கிடைக்கிறது. உடலுக்குள் ஈரமான திசுக்களை ஒட்டப் பயன்படும் பசைகளை உருவாக்க விரும்பும் ஆய்வாளர்கள் இந்த இழையைக் கூர்ந்து ஆராய்கிறார்கள். பொருள் கிடைத்தால் லார்வா எதையும் பயன்படுத்தும் என்பதை 1980-களில் பிரெஞ்சுக் கலைஞர் உய்பேர் டுப்ரா காட்டினார். அவர் தங்கத் துணுக்குகளையும் மணிக்கற்களையும் மட்டுமே கொடுத்தபோது, லார்வாக்கள் அவற்றாலேயே கூடு கட்டின.

ஆகவே எச்சரிக்கை ஒன்று தேவை. கூட்டின் பொருளை மட்டும் வைத்துச் சிற்றினத்தைத் தீர்மானிக்காதீர்கள். சில லார்வாக்கள் சிறு வயதில் மணலால் கட்டி, வளர்ந்தபின் இலைத்துண்டுகளுக்கு மாறுகின்றன. அந்த மாற்றத்தின் நடுவில் முன்பாதி இலையாகவும் பின்பாதி மணலாகவும் உள்ள கூட்டை நீங்கள் காணக்கூடும். அதேபோல், காலியான கூட்டில் வேறொரு லார்வா குடிபுகுவதும் உண்டு. கூட்டின் வடிவம் குடும்பத்துக்கு வழிகாட்டும், மார்புத் தகடுகளும் செவுள்களும்தான் அதை உறுதிசெய்யும்.

படி 6: உணவு முறையை ஓடையோடு பொருத்துதல்

லார்வாக்களைக் குடும்பமாகப் பிரித்த பிறகு, உணவு முறைப்படி மீண்டும் ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். அமெரிக்கச் சூழலியலாளர் கென்னத் கம்மின்ஸ் 1970-களில் வகுத்த பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன: இலைகளைத் துண்டாக்குபவை, பாசியைச் சுரண்டுபவை, நுண்துகள்களைச் சேகரிப்பவை அல்லது வடிகட்டுபவை, வேட்டையாடுபவை. பெரும்பாலான நன்னீர்ப் பூச்சி வரிசைகள் இவற்றில் ஒன்றிரண்டில் அடங்கிவிடும்போது, கேடிஸ் பூச்சிகள் எல்லாப் பிரிவுகளையும் நிரப்பி நிற்கின்றன.

மரங்கள் கவிந்த சிற்றோடையில் சூரிய ஒளி குறைவு, பாசியும் குறைவு, உணவின் பெரும்பகுதி மேலிருந்து விழும் இலைதான். விழுந்த இலை உடனே உணவாகிவிடுவதில்லை. நீரில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் முதலில் அதில் குடியேறி அதை மென்மையாக்கிச் சத்தேற்றுகின்றன. பிறகுதான் துண்டாக்கும் லார்வா அதைத் தேடி வருகிறது. தட்டில் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள், நரம்புகள் மட்டும் சல்லடையாக எஞ்சியிருந்தால் அது துண்டாக்கிகளின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவை தின்று உதிர்த்த துணுக்குகளும் கழிவும் 1 மி.மீ.-க்கும் சிறிய துகள்களாகி நீரோடு போகின்றன. கீழே காத்திருக்கும் வலைகள் அவற்றைப் பிடிக்கின்றன. வலைகள் இல்லாவிட்டால் அச்சத்து வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும், வலைகள் அதை ஓடைக்குள்ளேயே மீண்டும் மீண்டும் சுழலச் செய்கின்றன. 1980-இல் முன்வைக்கப்பட்ட ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்தும் இதையே விரித்துரைக்கிறது: நிழல் மிகுந்த தலைப்பகுதியில் துண்டாக்குபவையும், ஒளி படும் நடுப்பகுதியில் சுரண்டுபவையும், கீழ்ப்பகுதியில் துகள்களைச் சேகரிப்பவையும் மிகும். உங்கள் எண்ணிக்கை இதற்கு மாறாக இருந்தால் காரணம் தேடுங்கள். ஏரியோ அணையோ வெளியேற்றும் நீர் பாயும் இடத்துக்குச் சற்றுக் கீழே வலை பின்னுபவை அடர்ந்து கிடந்தால், மேலிருந்து வரும் மிதவையுயிரிகள் அவற்றுக்கு ஓயாத விருந்தளிக்கின்றன என்று பொருள் கொள்ளலாம்.

உணவுக்கு அப்பாலும் ஒரு பங்கு உண்டு. வலைகளையும் பதுங்கிடங்களையும் கட்டும் பட்டிழை, சரளைக்கற்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கிறது. இத்தகைய லார்வாக்கள் மிகுந்த சரளையைப் பெயர்க்க அதிக வேகமுள்ள வெள்ளம் தேவைப்படுகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. தரையின் உருவத்தையே மாற்றும் ஆற்றல் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பூச்சிக்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

லார்வாவையும் மேலெழும் கூட்டுப்புழுவையும் மீன்கள் உண்கின்றன, சிறகு முளைத்த பூச்சியைப் பறவைகளும் வௌவால்களும் கரையோரச் சிலந்திகளும் உண்கின்றன. காட்டிலிருந்து இலையாக நீருக்குள் போன சத்தின் ஒரு பகுதி இப்படிப் பூச்சியாகக் காட்டுக்கே திரும்புகிறது. நீருக்குள் மூழ்கிச் சென்று, கல்லில் ஒட்டிய கூடுகளுக்குள் முட்டையிடும் அக்ரியோடைப்பஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியும் உண்டு. கூட்டிலிருந்து நீளமான மெல்லிய நாடா ஒன்று தொங்கினால் உள்ளே வளர்வது அந்தக் குளவிதான்.

படி 7: நீரின் தரத்தைப் பற்றி முடிவு செய்யும்போது

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் பூச்சி ஆகிய மூன்று வரிசைகளின் வகைகளை எண்ணி நீரின் நிலையை மதிப்பிடும் முறை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. ஆனால் ‘கேடிஸ் பூச்சி இருக்கிறது, ஆகவே நீர் தூய்மையானது’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிக மதிப்பெண் தரும், பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறையில், 1 முதல் 10 வரையுள்ள அளவில், லெப்டோசெரிடே குடும்பத்துக்கு 10-ம் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துக்கு 5-ம் தரப்பட்டுள்ளன. ஒரே வரிசைக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. கரிமக் கழிவு ஓரளவு கலந்த நீரில் ஹைட்ரோசைக்கிடே லார்வாக்கள் பெருகவும் கூடும். ஆகவே எத்தனை லார்வாக்கள் என்பதைவிட எத்தனை குடும்பங்கள், எவையெவை என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். வேறொரு நாட்டுக்காக வகுத்த மதிப்பெண்ணை அப்படியே பயன்படுத்தாமல், உங்கள் பகுதிக்கென உருவாக்கிய பட்டியல் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இல்லாமையை விளக்குவது இன்னும் கடினம். நேற்றைய வெள்ளம் அடித்துச் சென்றிருக்கலாம், ஒரு தலைமுறை முழுவதும் சிறகு முளைத்து வெளியேறியிருக்கலாம், வண்டல் படிந்து கற்களின் இடைவெளிகள் அடைபட்டிருக்கலாம், பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம். வெப்பத்தையும் மறக்கக் கூடாது: 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 11.3 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 25 டிகிரியில் அது 8.3 மி.கி. அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே ஒரே இடத்தை, ஒரே பருவத்தில், ஒரே அளவு நேரம் தேடி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, ஆழம், அடிமட்டத்தின் தன்மை, கரையில் நிழல் எவ்வளவு என்பவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தால்தான் அந்த ஒப்பீடு பயன் தரும்.

படி 8: கூட்டுப்புழுவும் முதிர் பூச்சியும்

சிற்றின அளவில் அறிய விரும்பும்போது லார்வா பெரும்பாலும் போதாது, முதிர்ந்த ஆண் பூச்சியின் வயிற்று நுனி உறுப்புகளைப் பார்த்தே வல்லுநர்கள் முடிவு செய்கிறார்கள். பூச்சிகளைக் காண எளிய வழி, பொழுது சாய்ந்தபின் நீரோரத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் விளக்கேற்றிக் காத்திருப்பதாகும். காற்றில்லாத, வெதுவெதுப்பான இரவுகளில் அதிகம் வரும். ஓய்வில் சிறகுகளை முதுகின் மேல் கூரைபோல் சாய்த்து வைத்திருக்கும், மெல்லிய நீண்ட உணர்கொம்புகளை முன்னோக்கி நீட்டியிருக்கும், அந்துப்பூச்சிக்கு உள்ள சுருண்ட உறிஞ்சுகுழல் இதற்கு இராது. படம் எடுத்தபின் விளக்கை அணைத்துவிடுங்கள், இரவு முழுவதும் எரியவிட்டால் முட்டையிட வேண்டிய பெண் பூச்சிகள் துணியிலேயே சோர்ந்து விழும்.

எந்த லார்வா எந்தப் பூச்சியாகிறது என்பதை இணைப்பதற்கு அருமையான ஒரு வழி உண்டு. கூட்டுப்புழுவாகும்போது லார்வா உரித்துவிட்ட தலையுறையும் மார்புத் தகடுகளும் பெரும்பாலான குடும்பங்களில் மூடிய கூட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. முதிர்ந்த கூட்டுப்புழுவின் தோலுக்கு அடியிலோ சிறகுள்ள பூச்சியின் உறுப்புகள் ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆகவே சரியான நேரத்தில் கிடைத்த ஒரே ஒரு மூடிய கூடு, லார்வாவின் அடையாளத்தையும் பூச்சியின் அடையாளத்தையும் சேர்த்தே தந்துவிடும். அத்தகைய கூட்டை ஆய்வுக்காகச் சேகரிக்க அனுமதி இருந்தால், 80 விழுக்காடு எத்தனாலில் கூடு, தகடுகள், கூட்டுப்புழு மூன்றையும் ஒரே குப்பியில் வைத்து, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய தாளைக் குப்பிக்கு உள்ளேயே இடுங்கள். வெளியே ஒட்டிய தாளில் எழுதிய மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும், இடம் தெரியாத மாதிரியை வைத்து யாராலும் எதையும் சொல்ல இயலாது.